சீவலைத் தூக்கும் வண்டி: ராணிப்பேட்டைப் பட்டறையில் ஒரு டிராலி உருவான விதம்

லேத் பட்டறைகளில் ஒரு பொருளைக் கடைந்து அளவுக்குக் கொண்டுவர நாம் காட்டும் அக்கறையில் பத்தில் ஒரு பங்கைக்கூட, அந்தக் கடைசலில் விழுகிற சீவலை வெளியேற்றுவதில் காட்டுவதில்லை. அரை மில்லிமீட்டர் பிசகினால் பொருளைத் திருப்பி அனுப்பிவிடுகிற நாம்தான், அந்தப் பொருளிலிருந்து உரித்தெடுத்த இரும்பை ஒருவர் குனிந்து வாரி, சட்டியில் நிரப்பி, இடுப்பில் ஏந்திக்கொண்டு போய் டிரம்மில் கொட்டுவதைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ராணிப்பேட்டைப் பகுதியில் எங்களுடையது போன்ற சிறு பட்டறைகள் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவற்றில் இன்றும் இரும்புச் சட்டியும் துடைப்பமும்தான் இந்த வேலைக்கான கருவிகள். எங்கள் பட்டறைக்காக நாங்களே வடிவமைத்துச் செய்த தூக்கு டிராலியைப் பற்றி, அதன் ஒவ்வோர் அளவும் ஏன் அப்படி அமைந்தது என்ற காரணங்களோடு எழுதுவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

எங்களுக்கு வருகிற வேலைகள் இரண்டு வகை. ஒன்று, கொதிகலன் துணைக் கருவிகள் செய்யும் ஆலைகளுக்கான எஃகு ஃபிளாஞ்சுகள், புஷ்கள், ஷாஃப்டுகள். பெல் (பாரத மிகுமின்) நிறுவனம் இங்கே வந்த பிறகு அதைச் சுற்றி வளர்ந்த தொழில் இது. மற்றொன்று அதற்கும் மிக முந்தையது. தோல் பதனிடும் மர டிரம்களுக்கான பேரிங் பிளாக்குகளும் பெரிய பல்சக்கரங்களும் வார்ப்பிரும்பில் வரும். அவற்றைக் கடைந்து, துளையிட்டுக் கொடுப்போம். இந்த இரண்டு வேலைகளும் தருகிற கழிவு ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதது. எஃகு நீளநீளமான சுருளாக உரிந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, கொஞ்சம் எடையிலேயே லேத்தின் அடியில் சீவல் விழும் டிரேயை அடைத்துவிடும். வார்ப்பிரும்போ நொறுங்கி, கரடுமுரடான கறுப்பு மணலாக விழும். பார்வைக்குக் கொஞ்சமாகத் தெரியும், தூக்கினால்தான் அதன் கனம் புரியும். பத்து லிட்டர் பெயிண்ட் வாளியில் இரண்டையும் தனித்தனியாக நிரப்பித் தராசில் வைத்துப் பார்த்தோம். எஃகுச் சுருள் மூன்று கிலோவைத் தொடவில்லை. வார்ப்பிரும்புத் தூள் 22 கிலோவுக்கு வந்தது. திட எஃகின் அடர்த்தி கன மீட்டருக்கு 7850 கிலோ, வார்ப்பிரும்பினுடையது அதைவிடச் சற்றுக் குறைவு என்பதையும் சேர்த்துப் பார்த்தால், சீவலின் கனத்தைத் தீர்மானிப்பது உலோகத்தின் கனமல்ல, அது நொறுங்குகிற விதமே என்பது விளங்கும். வண்டியின் தொட்டியை எந்த அளவில் செய்வது என்ற கேள்விக்கு விடை அந்த வாளியிலிருந்துதான் கிடைத்தது.

இந்த வேலையைச் செய்கிறவரிடம் கேட்காமல் வண்டியை வரையக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். எங்கள் பட்டறையைக் கூட்டிச் சுத்தம் செய்யும் அக்கா பல ஆண்டுகளாக இந்த வேலையில் இருப்பவர். அவருடைய வலது உள்ளங்கையில், கட்டைவிரலின் அடிமேட்டில், நூல் இழைகள்போல மெல்லிய வெண்தழும்புகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. எஃகுச் சுருளை வெறுங்கையால் பற்றி இழுத்ததன் அடையாளங்கள் அவை. "அக்கா, இதுல உங்களுக்கு எது ரொம்பக் கஷ்டமா இருக்கு?" என்று கேட்டபோது அவர் யோசிக்கவே இல்லை. "தள்றதுல ஒன்னும் இல்ல சார். தூக்கி டிரம்முல கொட்டறப்போதான் இடுப்பு கழண்டு போவுது" என்றார். கடைகளில் கிடைக்கும் தள்ளுவண்டிகள் எல்லாம் தள்ளுகிற சிரமத்தைத்தான் குறைக்கின்றன. ஆனால் பாரம் உண்மையில் முதுகில் இறங்குவது இரண்டு இடங்களில்: டிரேயிலிருந்து வாரி எடுக்கும்போதும், டிரம்மின் விளிம்புக்கு உயர்த்திக் கவிழ்க்கும்போதும். இந்த இரண்டு இடங்களிலும் மனித முதுகுக்கு வேலை இருக்கக் கூடாது என்பதையே வண்டியின் முதல் நிபந்தனையாக வைத்துக்கொண்டோம்.

இதில் சட்டத்தின் பார்வையும் உண்டு. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதன் இடத்துக்கு வரும்வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 11ஆம் பிரிவு, வேலை நடக்கும் இடத்தில் சேரும் குப்பையும் கழிவும் தினமும் அகற்றப்பட வேண்டும் என்றது. 34ஆம் பிரிவு, காயம் உண்டாக்கக்கூடிய அளவு பாரத்தை யாரையும் தூக்கவோ சுமக்கவோ வைக்கக் கூடாது என்றது. ஆள்கணக்கால் அந்தச் சட்டத்தின் எல்லைக்குள் வராத சிறு பட்டறைகள் நம் பக்கம் நிறைய உண்டு என்றாலும், முதுகெலும்பு ஆள்கணக்கு பார்ப்பதில்லை. வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் வகுத்த கணக்கில், எல்லாச் சூழலும் சாதகமாக இருக்கும்போதே, அதாவது பாரம் உடலை ஒட்டியும் இடுப்பு மட்டத்துக்கு அருகிலும் இருந்து, உடலைத் திருப்பவும் தேவையில்லாதபோதே, 23 கிலோதான் மேல்வரம்பு. தரையிலிருந்து எடுத்து, உடலைத் திருப்பி, டிரம்மின் உயரத்துக்கு ஏற்றும்போது அந்த வரம்பு வெகுவாகக் கீழிறங்கிவிடும். ஒரு வாளி வார்ப்பிரும்புத் தூளே 22 கிலோ என்பதை இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

முதல் இடத்தைத் தீர்ப்பது சுலபமாக இருந்தது. எங்கள் லேத்துகளின் டிரே விளிம்பு தரையிலிருந்து ஏறக்குறைய 55 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. தொட்டியின் வாய் அதைவிடத் தாழ்வாக இருந்துவிட்டால் சீவலைத் தூக்கவே வேண்டாம், கொக்கியால் இழுத்துவிட்டாலே அது தானாகத் தொட்டிக்குள் விழும். எனவே தொட்டியின் உயரம் 40 சென்டிமீட்டர், அதன் அடி தரையிலிருந்து 8 சென்டிமீட்டர், வாய் 48இல் என்று முடிவானது. அகலம் 60, முன்பின் ஆழம் 45. இந்த அளவுக்குக் கொள்ளளவு 108 லிட்டர் வரும். ஆனால் 108 லிட்டரும் வார்ப்பிரும்புத் தூளாக இருந்தால் 230 கிலோவைத் தாண்டிவிடும் என்பதால், தொட்டியின் உட்சுவரில் 65 லிட்டர் மட்டத்தில் ஒரு சிவப்புக் கோடு இழுத்தோம். வார்ப்பிரும்பு அந்தக் கோடு வரைதான். எஃகுச் சுருள் என்றால் வாய் வரை நிரப்பலாம். ஆக, தொட்டி சுமக்க வேண்டிய பாரம் 150 கிலோ என்று நிலைத்தது. 2 மி.மீ. தகட்டில் செய்த தொட்டி, விளிம்புக் கோணங்களோடு 25 கிலோ. அதைத் தாங்கி ஏறியிறங்கும் சட்டம் 15 கிலோ. தூக்க வேண்டியது மொத்தம் 190 கிலோ.

தூக்குவதற்கு எந்த முறை என்பதில்தான் பட்டறையில் வாதம் நீண்டது. பாட்டில் ஜாக் மலிவு, ஆனால் அதன் ஏற்றம் ஒரு சாண்கூட இல்லை. கத்தரி அமைப்பு பார்க்க அழகாகத்தான் இருக்கும். மேசை தூக்கிகளில் எல்லோரும் பார்த்திருப்பதால் மேஸ்திரி அதையே விரும்பினார். அதன் சிக்கல் கீழ்நிலையில் இருக்கிறது. கத்தரியின் கைகள் தரையோடு 10 பாகை சாய்வில் படுத்திருக்கும்போது, பாரத்தைக் கிளப்ப அடிப்பக்கத்தில் கிடைமட்டமாகக் கொடுக்க வேண்டிய விசை பாரத்தைப்போல் ஏறக்குறைய ஐந்தரை மடங்குக்கும் மேல். 190 கிலோவுக்கு ஒரு டன்னுக்கு மேல் தள்ள வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டியதும் மேஸ்திரியே அதைக் கைவிட்டார். அதோடு, சீவல் உதிர்கிற இடத்தில் அத்தனை மூட்டுகளும் பின்களும் திறந்து கிடந்தால் வெகு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். இறுதியில், தூண்களாக நிற்கும் இரண்டு செங்குத்துச் சேனல்களுக்கு (ப வடிவ இரும்புகள்) இடையே உருளைகளில் ஓடும் சட்டம், அதை இழுக்கும் கம்பிக்கயிறு, கையால் சுற்றும் வின்ச் என்ற எளிய அமைப்பில் வந்து நின்றோம்.

எவ்வளவு உயரத்துக்குத் தூக்குவது? 200 லிட்டர் டிரம்மின் உயரம் சுமார் 88 சென்டிமீட்டர். அதற்கு மேல் கொஞ்சம் உயர்ந்தால் போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் தொட்டி வெறுமனே உயர்வதோடு நின்றுவிடுவதில்லை; கவிழவும் வேண்டும். கவிழும்போது அதன் கீழ்முனை முன்னிருந்து பின்னோக்கி ஒரு வட்டவில்லாகச் சுழன்று வரும். பட்டறையின் சிமென்ட் தரையில் சாக்பீஸால் டிரம்மையும் வண்டியையும் முழு அளவில் பக்கவாட்டுத் தோற்றமாக வரைந்தோம். தொட்டியின் பக்கவடிவை அட்டையில் வெட்டி, தொட்டி சுழலும் அச்சு வரும் இடத்தில் ஆணியைக் குத்தி, மெதுவாகச் சுழற்றினோம். அட்டையின் முன்கீழ் முனை டிரம்மின் விளிம்பை உரசிக்கொண்டு போவது கண்ணெதிரே தெரிந்தது. அச்சிலிருந்து அந்த முனைக்குள்ள தூரம் 31 சென்டிமீட்டர். டிரம்மின் 88ஐயும் இதையும் கூட்டினால் 119. ஆகவே அச்சு குறைந்தது 120 சென்டிமீட்டருக்கு உயர்ந்த பிறகே தொட்டியைக் கவிழ்க்க வேண்டும். கம்ப்யூட்டரில் வரைந்தாலும் இதே விடைதான் கிடைத்திருக்கும். ஆனால் தரையில் வரைந்ததால் அக்கா உட்பட எல்லோரும் சுற்றி நின்று பார்க்க முடிந்தது. கவிழ்க்கும் கைப்பிடியைத் தன் தோளுக்கு மேல் வைத்துவிட வேண்டாம் என்று அவர் அங்கேயே சொல்லவும் முடிந்தது.

அச்சைத் தொட்டியின் எந்த உயரத்தில் வைப்பது என்பது இந்த வண்டியின் உயிர்நாடி. 65 லிட்டர் நிரம்பிய தொட்டியில் எடை மையம் அடியிலிருந்து 12, 13 சென்டிமீட்டரில் இருக்கும். முழுதும் நிரம்பினாலும் 20க்குச் சற்றுக் கீழேதான் நிற்கும். அச்சை 21 சென்டிமீட்டரில் வைத்தோம். எடை மையம் எப்போதும் அச்சுக்குக் கீழே இருப்பதால், தொட்டியை நிமிர்த்திப் பிடிக்கும் கொக்கி தவறிக் கழன்றாலும் தொட்டி தானாகக் கவிழாது, நிமிர்ந்தே நிற்கும். அதே சமயம் இரண்டும் நெருக்கமாக இருப்பதால் கவிழ்க்க அதிக பலமும் வேண்டியதில்லை. இன்னொரு நன்மையும் உண்டு: கவிழும்போது பாரம் முன்னோக்கிப் பாய்வதில்லை. தூணிலிருந்து 30 சென்டிமீட்டர் முன்னால் அச்சு, 75 சென்டிமீட்டர் முன்னால் முன்சக்கரங்கள். பாரம் எந்த நிலையிலும் சக்கரங்களுக்கு உள்ளேயே நிற்பதால் வண்டி முன்பக்கம் குடைசாய வழியில்லை. இரண்டு முன்கால்களுக்கும் இடையே 68 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, முன்னால் குறுக்குக் கம்பி எதுவும் வைக்காமல் திறந்து விட்டிருக்கிறோம். டிரம்மின் விட்டம் 60க்குள்தான் என்பதால், வண்டியைத் தள்ளினால் டிரம் கால்களுக்கிடையே தாராளமாக நுழைந்துவிடும்.

தூண்களுக்குப் பழைய இரும்புக் கடையில் 75 மி.மீ. சேனல் நல்ல நிலையில் கிடைத்தது. சேனலின் விளிம்புகள் உட்பக்கத்தில் தட்டையாக இருப்பதில்லை. வேரில் தடித்து, நுனியில் மெலிந்து, சற்றுச் சரிவாக இருக்கும். வெறும் பேரிங்கை அதற்குள் ஓடவிட்டால் அது ஓரத்தில் மட்டும் உரசி, சீக்கிரமே குழி விழுந்துவிடும். அதனால் 6204 பேரிங்கின் மேல் ஒரு எஃகு வளையத்தை இறுக்கிப் பொருத்தி, அதன் வெளிமுகத்தைச் சேனலின் சரிவுக்கு ஏற்றபடி டேப்பராகக் கடைந்தோம். லேத் பட்டறையாக இருப்பதன் வசதி இதுதான். மேல் உருளைக்கும் கீழ் உருளைக்கும் இடையே 30 சென்டிமீட்டர். பாரம் தூணிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளித் தொங்குவதால், உருளைகள் தூணை நெருக்கும் விசையும் தூக்குகிற பாரத்துக்குச் சமமாக, அதாவது 190 கிலோவாக வரும், பக்கத்துக்கு 95. இடைவெளியைப் பாதியாக்கியிருந்தால் இந்த விசை இரட்டித்திருக்கும், சட்டமும் ஏறும்போது திக்கித் திக்கித்தான் ஏறியிருக்கும்.

கயிறு 6 மி.மீ. கம்பிக்கயிறு. அதன் அறுபடும் பாரம் இரண்டு டன்னை ஒட்டியது, எனவே பத்து மடங்கு காப்பு இருக்கிறது. மேல் கப்பி 120 மி.மீ. விட்டம், கயிற்றின் கனத்தைப்போல் இருபது மடங்கு. சிறிய கப்பியில் மடங்கி மடங்கி ஓடும் கயிறு உள்ளிழைகளில் தெறித்துப்போகும் என்பதால் இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. கயிற்றின் முனையை மடக்கி யூ கிளாம்புகள் போடும்போது, யூ வளைவு பாரம் தாங்காத குட்டை முனையின் மேலும், அடிக்கட்டை பாரம் தாங்கும் நீண்ட கயிற்றின் மேலும் உட்கார வேண்டும். ஒன்றை அப்படியும் ஒன்றை இப்படியும் மாற்றிப் போட்டிருப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். அது பாரம் தாங்கும் கயிற்றையே நசுக்கிவிடும். வின்ச் தானாகப் பிடித்துக்கொள்ளும் பிரேக் உள்ளது; கைப்பிடியை விட்டாலும் பாரம் நின்ற இடத்திலேயே நிற்கும். கைப்பிடியின் நீளம் 25 சென்டிமீட்டர், கயிறு சுற்றும் உருளையின் ஆரம் 3.5, பல்சக்கர விகிதம் நான்குக்கு ஒன்று. இந்தக் கணக்கில் 190 கிலோவைக் கிளப்ப 7 கிலோவுக்கும் குறைவான விசை. உராய்வையும் சேர்த்தால் பத்து. அக்கா ஒரு கையாலேயே சுற்றுகிறார். கவிழ்க்கும் முன் தூணில் குறுக்காக ஒரு பூட்டுப் பின்னைச் செருக வேண்டும் என்பது மட்டும் மாற்ற முடியாத விதி.

சக்கரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. சீவல் உதிரும் தரையில் மிருதுவான ரப்பர் சக்கரம் நிற்காது; சீவல் அதில் குத்திப் புதைந்துகொள்ளும், எண்ணெயில் அது ஊறி உப்பியும் போகும். கடினமான நைலான் சக்கரம் போட்டோம், நான்கும் 150 மி.மீ. எங்கள் வாசற்படியில் 12 மி.மீ. உயரத் தடுப்பு ஒன்று இருக்கிறது. 100 மி.மீ. சக்கரம் அதில் ஏற, சக்கரத்தின் மேலுள்ள பாரத்தில் ஏறக்குறைய 85 விழுக்காடு விசை தேவை, 150 மி.மீ. சக்கரத்துக்கு 65 விழுக்காடு. அதுவும் அதிகம்தான் என்பதால் வாசலில் ஒரு சாய்வுத் தகட்டையும் பதித்துவிட்டோம். ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால், தரையைத் தொட்டும் தொடாமலும் ஒரு ரப்பர் பட்டை தொங்குகிறது. மாட்டுவண்டியின் முன்னால் வழியை விலக்கிக்கொண்டு ஓடும் சிறுவனைப்போல அது சீவலை ஒதுக்கிக்கொண்டே போகிறது.

தொட்டியின் அடியில், 4 சென்டிமீட்டர் மேலே, 3 மி.மீ. துளைகள் கொண்ட தகடு ஒன்று பொய்த்தளமாக உட்கார்ந்திருக்கிறது. சீவலோடு வரும் கூலண்ட் (கடையும்போது சூட்டைத் தணிக்க ஊற்றும் எண்ணெய் கலந்த நீர்) அதன் வழியே இறங்கி, சாய்வான அடித்தளத்தில் ஓடி, ஒரு மூலையில் உள்ள அரை அங்குல பால் வால்வுக்கு வந்து சேரும். மாலையில் நிரப்பிய தொட்டியை இரவு அப்படியே நிற்க விட்டால், காலையில் கேனில் வெள்ளையாகப் பால்போல் இறங்கியிருக்கும். சீவல் காய்ந்திருந்தால் பழைய இரும்புக் கடையில் விலையும் ஏறும். ஈரத்துக்கு அவர்கள் எடையில் கழிப்பார்கள். எண்ணெய் ஈரத்தோடு குவித்து வைத்த இரும்புச் சீவல் தானாகச் சூடேறவும் கூடியது. கப்பலில் ஏற்றும் சரக்குகளில் அதைத் தானே வெப்பமாகும் பொருள் என்று தனி எண்ணிட்டு வகைப்படுத்தியிருக்கிறார்கள். அக்னி நட்சத்திர வெயிலில் எங்கள் ஊரில் அதைத் திறந்தவெளியில் ஈரத்தோடு குவிப்பதை நான் அனுமதிப்பதில்லை.

இந்த வடிகாலுக்கு நான் கொடுத்த முக்கியத்துவத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. பாலாற்றங்கரையில் வாழ்கிறவர்களுக்குக் கழிவுநீர் என்பது செய்தித்தாளில் படிக்கிற விஷயமல்ல. தோல் தொழிற்சாலைக் கழிவால் நிலமும் கிணறும் கெட்டதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில்தான், மாசுபடுத்துகிறவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை நாட்டின் சட்டத்தில் அடங்கியதாக உச்ச நீதிமன்றம் 1996இல் ஏற்றது. பயன்படுத்திய எண்ணெயையும் எண்ணெய் கலந்த கழிவுகளையும் 2016ஆம் ஆண்டு விதிகள் அபாயகரக் கழிவுகளில் சேர்த்திருக்கின்றன. பெரிய ஆலைகளை நோக்கிக் கை நீட்டுகிற நாம், நம் பட்டறையின் பின்சுவர் ஓரத்தில் சொட்டுகிற கூலண்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கேனில் சேர்வதை வடிகட்டி, தெளிந்தால் மறுபடி இயந்திரத்துக்கு ஊற்றுகிறோம். கெட்டதை அனுமதி பெற்றவர்களிடம்தான் கொடுக்கிறோம்.

எஃகுச் சுருள் மட்டும் வண்டி வந்த பிறகும் தொல்லை கொடுத்தது. ஒன்றோடொன்று பின்னிய சுருள், தொட்டியை 60 பாகை சாய்த்தாலும் விழாமல் கொத்தாகத் தொங்கியது. தொட்டியின் உட்பக்க வெல்டுகளை எல்லாம் கிரைண்டரால் மழுக்கி, வாயைச் சற்று விரித்த பிறகு பாதி சரியானது. மீதியைச் சரிசெய்ய இயந்திரத்துக்கே போக வேண்டியிருந்தது. டூலின் முகத்தில் சீவலை முறிக்கும் சிறு பள்ளத்தைத் தேய்த்து, ஃபீடை (ஒவ்வொரு சுற்றுக்கும் டூல் நகரும் தூரத்தை) கொஞ்சம் கூட்டியதும், முழ நீளத்தில் வந்த சுருள் விரற்கடை அளவில் முறிந்து விழத் தொடங்கியது. கொக்கியால் இழுக்கும்போது தோல் கையுறை கட்டாயம். தோல் தொழில் நடக்கும் ஊர் என்பதால் அதற்குப் பஞ்சமில்லை. ஆனால் பொருளைப் பிடித்துச் சுழற்றும் சக் சுழலும்போது யாரும் கையுறையோடு அருகே போகக் கூடாது; இயந்திரத்தை நிறுத்திய பிறகே டிரேயில் கொக்கி இறங்க வேண்டும்.

வேலைக்கு விடுமுன் 250 கிலோ ஃபிளாஞ்சுகளைத் தொட்டியில் அடுக்கி, உச்சிக்குத் தூக்கி, இரவு முழுவதும் அப்படியே நிறுத்தி வைத்தோம். காலையில் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தபோது தூண்கள் நேராகவே இருந்தன. வின்சும் இறங்கவில்லை. வாரம் ஒருமுறை கயிற்றைத் துணியால் உருவிப் பார்க்கிறோம். அறுந்த இழை துணியில் சிக்கினால் கயிறு மாற்றப்படும். தொட்டி மேலே இருக்கும்போது வண்டியை நகர்த்தக் கூடாது என்று தூணில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது.

இப்போது அலுமினியத்துக்கென்று தனியாக ஒரு தொட்டி செய்கிறோம். இரும்போடு கலந்துவிட்டால் இரண்டுக்குமே விலை கிடைக்காது. அலுமினியத்தின் அடர்த்தி எஃகின் மூன்றில் ஒரு பங்குதான் என்பதால் தொட்டியைச் சற்று உயரமாக்கலாம். ஆனால் கவிழும் முனை அதே 31 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் தூண்களை உயர்த்த வேண்டியிருக்கும். அதனால் முன்பின் ஆழத்தை 45இலிருந்து 40ஆகக் குறைத்து, அச்சை அடியிலிருந்து 23.5 சென்டிமீட்டரில் வைத்து, இதிலும் எடை மையம் அச்சுக்கு மேலே போய்விடாதபடி நிரப்பும் கோட்டை 45 சென்டிமீட்டரில் போடப்போகிறோம். தகடு வெட்டக் கொடுத்திருக்கிறோம்.